பள்ளிப் பக்கத்துக் கதவு

அத்தியாயம் ஒன்பது

சென்ற வாரம் பதியுதீனை அவருடைய அக்கா, சரீபா ராத்தாவின் வீட்டில், கஞ்சிக் கோப்பையும் கையுமாக உட்காரவைத்துவிட்டு நான் போய்விட்டேன். அதற்காக உங்களில் சிலர் என்னை ஏசியிருப்பீர்கள். ஏசுங்கள், பரவாயில்லை. ஹப்ஸா அன்று பட்ட பாட்டுக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பதியுதீன் கல்முனையில் ஒரு பஸ் கம்பனியின் கராஜில் தலைமை மெக்கானிக். ஊருக்கு அவர் பதியுதீன் பாஸ். வயது நாற்பத்தாறு. மனைவி ஹப்ஸா, ஒரே மகள் ஸம்ஸியா. நேற்று நோன்பு துறக்கும் நேரம் மனிதர் வீட்டுக்கு வரவில்லை. தெற்கே சாய்ந்தமருதில், தான் பிறந்த வீட்டில், ராத்தாவின் பாயில் போய் உட்கார்ந்துவிட்டார். இரவும் அங்கேயே தங்கிவிட்டு, காலையில் நேரே கராஜுக்குப் போய்விட்டார்.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்பார். எங்கள் கரையில் கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு அவளுடையது. அப்படி வந்தவர் இருபத்திரண்டு வருடம் கழித்து, நோன்பு மாதத்தில், அந்தி மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் ராத்தா வீட்டுப் பாயில் உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண்சாதியோடு கோபித்துக்கொண்டு போய்விட்டார். வேறு அர்த்தம் ஊரில் கிடையாது.

ஆனால் சண்டையே நடக்கவில்லை. அது ஹப்ஸாவுக்குத் தெரியும்.

விடிந்து வெயில் ஏறுவதற்குள் கிடுகு வேலிக்கு மேலே அடுத்த வீட்டு உம்முவின் தலை தெரிந்தது. நோன்பு பிடித்தால் வாயைக் கட்டவேண்டும் என்பதை உம்மு சாப்பாட்டு விசயத்தில் மட்டும்தான் கடைப்பிடிப்பாள்.

"ஹப்ஸா ராத்தா, ராவைக்குப் பதியுதீன் காக்கா வரல்லயா?"

"வேலை கூட. பெருநாளைக்கு முதல் பஸ்ஸெல்லாம் திருத்தி முடிக்கணுமாம்."

"சாய்ந்தமருதிலயா திருத்துறாங்க?"

ஹப்ஸா கூட்டிய முற்றத்தையே மறுபடியும் கூட்டினாள். உம்முவுக்கு அதுவே போதுமாக இருந்தது. தலை வேலிக்குக் கீழே இறங்கிப் போய்விட்டது.

கூட்டிக்கொண்டே ஹப்ஸா யோசித்தாள். ஒரு வருடத்துக்கு மேலாகவே மனிதர் சரியில்லை. காலையில் எழுந்தால் இருமல்; துப்பினால் கறுப்பாகச் சளி. மாலையில் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். எதைக் கேட்டாலும் "ஓம், ஞாபகம் இரிக்கு" என்பார்; செய்திருக்கமாட்டார். சில நேரம் வாசலில் நின்று கடல் பக்கமாகப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு அவ்வளவு அழகாக இருக்கும், கேள்வி கேட்க மனம் வராது.

நோன்பு வந்ததும் பசி என்றார்கள். கண்ணூறு என்று உம்மு சொன்னாள். ஹப்ஸாவும் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டுப் பார்த்தாள்.

விளக்குமாறு அப்படியே நின்றது.

போன மாரியில் வெள்ளம் பொத்துவில் றோட்டை அறுத்தபோது ஒன்பது நாள் பஸ் ஓடவில்லை. கராஜ் பூட்டிக் கிடந்தது. முதல் மூன்று நாள் மனிதர் படுத்தே கிடந்தார். நாலாம் நாள் எழுந்தார், வேலி கட்டினார், ஸம்ஸியா சின்னப் பிள்ளையில் தொலைத்த வெள்ளிக் கொலுசு எந்த முடுக்கில் கிடக்கும் என்று சொல்லி அவரே எடுத்துக் கொடுத்தார். தலைத்துணி கொடியில் காய்ந்தது. பஸ் மறுபடி ஓடத் தொடங்கி ஒரு வாரம்தான், துணி தலைக்கு ஏறிவிட்டது.

பசியாவது, கண்ணூறாவது. கராஜ்தான் என்று அவளுக்குப் பட்டது. இது ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மத்தியானம் லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை காத்திருந்தாள். ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குப் போய்விட்டால் தெருவில் பார்க்க ஆள் இருக்காது.

"உம்மா, நானும் வாறன்," என்றாள் ஸம்ஸியா.

"நீ இரி. ஒனக்கு மாப்பிள்ளை பேசி வச்சிரிக்கு. நீ வேற றோட்டில நிண்டா உம்மு பாங்கு சொல்லிருவா."

ஸம்ஸியாவுக்குப் பேசி வைத்திருப்பது யாரை என்றால், சரீபாவின் மகன் மஜீட்டை. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துக் கல்யாணம். ஆகவே அந்த வீட்டில் சண்டை என்ற பேச்சு எந்தக் கூரையைச் சுடும் என்று உங்களுக்கே தெரியும்.

கராஜுக்கு இரண்டே கதவுகள். ஒன்று றோட்டைப் பார்த்தது. பஸ் வரவும் போகவும் அதுதான். றோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு நோன்பு மாதத்தில், பள்ளியில் குர்ஆன் ஓதுபவர்களுக்கு இஞ்சின் இரைச்சல் இடைஞ்சல் என்று பதியுதீன்தான் அந்தக் கதவை மூடினார். யாரும் கேட்கவில்லை; அவராகவே மூடினார். பள்ளியை நிர்வகிக்கும் மரைக்காயர் வந்து கையைப் பிடித்து துஆச் செய்துவிட்டுப் போனார். பெருநாள் வந்தது, போனது. கதவு திறக்கவில்லை. ஐந்து நேரமும் தொழுகைதானே, திறந்து வைத்தால் மரியாதையாக இருக்காது என்று அப்படியே பழகிவிட்டது. பஸ் நுழையத் திறக்கும், நுழைந்ததும் மூடும்.

மற்றக் கதவு கடல் பக்கம். கழற்றிப் போட்ட இஞ்சினுக்குள் மணல் அடிக்கும் என்று அதை எப்போதோ தாழ் போட்டாயிற்று.

ஹப்ஸா பெரிய கதவின் சின்ன வாசலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அதற்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

முதலில் கண் தெரியவில்லை. பிறகு எல்லாம் நீலமாகத் தெரிந்தது. தகரக் கூரையில் ஆணி போன ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கி நின்றது. அந்தக் கம்பிகளுக்குள் புகை மெதுவாகச் சுருண்டு, அவிழ்ந்து, மறுபடி சுருண்டது. ஒரு பஸ்ஸின் இஞ்சின் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டடம் முழுவதும் லேசாக நடுங்கியது. அதில் ஒரு தாலாட்டு இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

பஸ்ஸின் மிதிபலகையில் பதியுதீன் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது.

"இஞ்சேருங்க."

திரும்பிப் பார்த்தார். மரியாதையான பார்வை. வழியில் போகும் பெண்ணைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் பார்த்துவிட்டு, பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"உம்மா கஞ்சி இறக்கிட்டாவா?" என்று கேட்டார்.

அவருடைய உம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போய் இருபத்தைந்து வருடமாகிறது. ஹப்ஸா அவர் வாழ்க்கைக்குள் வந்ததே அதற்குப் பிறகுதான். அவர் இப்போது இருக்கும் இடத்தில் ஹப்ஸா இல்லை, ஸம்ஸியா இல்லை, அவள் சமைத்த ஒரு நேரச் சோறுகூட இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. வேறொரு பெண்ணின் மேல் வருகிற கோபம் அந்தப் புகையின் மேல் வந்தது.

"எழும்புங்க," என்றாள்.

அவர் எழும்பவில்லை. அவர் பக்கத்தில் நின்றபடி இஞ்சினை எப்படி நிறுத்துவது என்று தேடினாள். அதற்குள் அவளுக்கும் நெற்றி கனத்தது. தூரத்தில் குரவைச் சத்தம் கேட்டது. தன்னுடைய கல்யாணக் குரவை. பச்சைப் பந்தல், அத்தர் வாசம், மாமிமார் கூட்டம். சின்ன மாமி, "பயப்படாத புள்ள, நல்ல பொடியன்," என்று காதுக்குள் சொல்கிறாள். காலடியில் தரை மெத்தென்று இருந்தது. கொஞ்சம் உட்கார்ந்தால் நல்லது என்று தோன்றியது. சுகமாகத்தான் இருந்தது.

அந்தச் சுகம்தான் அவளைப் பயமுறுத்தி எழுப்பியது.

அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கடல் பக்கக் கதவுதான் கிட்டே இருந்தது. தாழ் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பக்கத்தில் கிடந்த, நட்டுக் கழற்றும் இரும்புச் சாவியால் அடித்துத் தட்டினாள். கதவுக்கு வெளியே மணல் குவிந்திருந்ததால் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தது. இருவரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து பூவரசு நிழலில் விழுந்தார்கள்.

கடல் காற்று வந்து முகத்தில் அடித்தது. பள்ளியில் தொழுகை முடிந்து செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ வந்து இஞ்சினை நிறுத்தினார்கள்.

அரை மணி நேரம் போயிருக்கும்.

"ஹப்ஸா?" என்றார் பதியுதீன். "நீ என்ன புள்ள, இஞ்ச?"

"ஒங்களக் கூட்டிப் போக வந்த."

"எங்க?"

"டிஸ்பென்சரிக்கு."

டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி நாகமணி திருக்கோவில்காரர். அதிகம் கதைக்கமாட்டார். குழாயைப் பதியுதீனின் முதுகில் வைத்து நீண்ட நேரம் கேட்டார். நகங்களைப் பார்த்தார். எத்தனை வருடமாக அந்த வேலை, எத்தனை கதவு, எத்தனை மணி நேரம் இஞ்சின் ஓடும் என்று கேட்டார். பதியுதீன் எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொன்னார்.

"நேற்று ஏன் சாய்ந்தமருதுக்குப் போன நீங்கள்?"

பதியுதீன் தன் விரல்களைப் பார்த்தார். "ராத்தாவப் பாக்க ஆசை வந்திச்சி. போன."

அப்போதிக்கரி ஹப்ஸாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"மோட்டார்ப் புகையில ஒரு நஞ்சு இருக்கு, பாஸ். நிறமில்ல, மணமில்ல. உங்களுக்கு மணக்கிறது டீசல். இது வேற. மூச்சில போய் இரத்தத்தோட ஒட்டிக்கொள்ளும். நல்ல காத்துக்கு இடம் விடாது. ஒரேயடியா நிறையப் போனா ஆள் முடிஞ்சுது. கொஞ்சம் கொஞ்சமா வருசக்கணக்கில போனா, தலையிடி, மயக்கம், மறதி. நெஞ்சில கேக்கிற இரைச்சல் கரிப்புகையால வந்தது."

"நான் பள்ளி லெப்பையிட்டக் கேட்டுட்டன் ஐயா," என்றார் பதியுதீன், தன் பக்கத்தில் பெரிய சாட்சி இருப்பதைப்போல. "வேணுமெண்டு இழுக்காம, தானா உள்ள போற புகை நோன்ப முறிக்காதாம்."

"லெப்பை சரியாத்தான் சொல்லியிருக்கிறார். நோன்புக்கு ஒண்டும் வராது. ஆனா வேணுமெண்டு இழுத்ததா, தானாப் போனதா எண்டு நுரையீரல் கேக்கிறல்ல."

ஹப்ஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள். "போன ஞாபகம் மறுகா வருமா ஐயா?"

"புகையை விட்டா சிலது வரும், தங்கச்சி. சிலது வராது. எது வரும், எது வராது எண்டு என்னால சொல்ல ஏலாது. விடாட்டி எல்லாம் போகும். நாளையிலயிருந்து அந்தக் கராஜுக்குள்ள போகக்கூடாது. நான் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதித் தாறன்."

"கடிதம் வேணாம்," என்றார் பதியுதீன் உடனே.

வெளியே வந்ததும் வேலியோரமாக நின்று அவளிடம் கெஞ்சினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. அடுத்த வருடம் பஸ்ஸெல்லாம் அரசாங்கம் எடுக்கப் போகிறது என்று கதை அடிபடுகிறது, ஆள் கணக்கு எடுக்கும்போது மூளை கலங்கின மெக்கானிக் என்று ஒரு சொல் விழுந்தால் சரி, இந்தக் கையால் கட்டின பிறேக்கை நம்பி எவன் பஸ் ஓட்டுவான் என்றார்.

"நான் ஆருக்கும் சொல்லமாட்டன்," என்றாள் ஹப்ஸா. "பெருநாள் வரைக்கும் சொல்லமாட்டன். இடுப்பு நோவு எண்டு சொல்லி ஊட்ட இரிங்க. நீங்க கராஜுக்குப் போகாட்டி நானும் வாய் திறக்கமாட்டன்."

"ஓம். போகமாட்டன்."

அந்தப் பேரம் முடிந்து அவர்கள் வீடு வந்தபோது வாசலில் மாட்டு வண்டி நின்றது. உள்ளே பாயில் சரீபா உட்கார்ந்திருந்தாள்.

சரீபா கெட்டவள் இல்லை. தாய் போன பிறகு தம்பிக்குத் தாயாக நின்று கல்யாணம் முடித்து வைத்தவள். அவளிடம் உள்ள ஒரே கரைச்சல் அவளுடைய பாசம்தான். தம்பிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று காதில் விழுந்தால், சாய்ந்தமருதில் ஒரு வீடு விடாமல் போய் அழுது துஆக் கேட்பாள். மறுநாள் அது கம்பனி முதலாளியின் மேசையில் இருக்கும்.

பதியுதீன் ஸலாம் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்ச் சாய்ந்துகொண்டார்.

"இவன் நேற்று ஏன் வந்தான் எண்டு கேட்டா சிரிக்கான்," என்றாள் சரீபா. "நீ சொல்லு ஹப்ஸா. நீங்க ரெண்டு பேரும் பிரியிற எண்டா என்ட மகனுக்கு நான் என்ன சொல்ற?"

ஹப்ஸா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சண்டைதான் மதினி. ஸம்ஸியாட அறைக்கு ஓடு போடணும் எண்டு நான்தான் கரைச்சல் குடுத்த. கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன். பிழை என்னிலதான்."

நோன்போடு இருந்துகொண்டு சொன்ன பொய்.

"நோன்பு புடிச்சிட்டு வேல செய்ற ஆம்பிளையிட்ட ஓடு கேக்கிறதா?" என்று தொடங்கினாள் சரீபா. பின்னேரம் அஸர்த் தொழுகை நேரம் வரை அந்தப் பேச்சு நீண்டது. ஹப்ஸா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பேசி முடித்ததும் சரீபாவுக்கு மனம் இளகிவிட்டது. சண்டைதானே, சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. அவளே அடுப்படிக்குப் போய்க் கஞ்சிக்குத் தேங்காய் துருவினாள். நோன்பு துறக்கும் நேரம் நெருங்கினால், வந்தவரை அனுப்புவதும் வழக்கம் இல்லை.

கடல் பக்கம் வானம் சாம்பலாகி, தென்னைகள் கறுப்பாகத் தெரிந்தபோது பாங்கு சொன்னது. நாலு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஈச்சம்பழத்தால் நோன்பைத் துறந்தார்கள். கஞ்சியின் ஆவி முகங்களுக்கு நடுவே எழுந்தது. பதியுதீனின் முகம் தெளிவாக இருந்தது. மத்தியானத்திலிருந்து கடல் காற்றில் இருந்ததால் தலையில் துணிகூட இல்லை. ஹப்ஸா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முகம் இப்படியே நின்றுவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"ராத்தா," என்றார் அவர். "ஹப்ஸால பிழையில்ல."

"என்னடா?"

"நான் உள்ளுக்க படுத்திருந்து எல்லாம் கேட்ட. அவ பழிய தன்ர தலையில போட்டுட்டா. ஏசினது நான். கிணத்தடியிலதான் நிண்டம். அவ வாளிய வச்சிட்டு அறைக்கு ஓடு வேணும் எண்டு சொன்னா. எனக்கு வந்திச்சே கோபம், வாளிய காலால தட்டிட்டன். தண்ணி முழுக்க அவட சீலையில. நீலச் சீலை." அவர் ஹப்ஸாவின் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "மாப்புத் தா புள்ள. நோன்பு நாள்ல அப்படிச் செஞ்சிரிக்கக் கூடாது."

ஹப்ஸாவின் கையில் கஞ்சி கனத்தது. அவளிடம் நீலச் சீலையே கிடையாது.

அவர் நடிக்கவில்லை. நடித்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கிணற்றடியை அவர் பார்த்தார். நனைந்த சீலையையும் பார்த்தார். ஒரு வருடமாக அவர் சொன்ன ஒவ்வொரு "ஞாபகம் இரிக்கு"வும் இப்படித்தான் இருந்திருக்கவேண்டும்.

"எல்லாம் நல்லா ஞாபகம் இரிக்கு," என்று பதியுதீன் தொடர்ந்தார். குரலில் சந்தோசம் ஏறியது. ஒரு நாள் முழுக்கச் சுமந்த பாரத்தை இறக்கிவைத்த மனிதரின் சந்தோசம். "அந்த அப்போதிக்கரி என்னெண்டா மறதி எண்டார், புகை எண்டார். சண்டை புடிச்சிட்டு ராத்தா ஊட்ட போனவனுக்கு மறதியா? எனக்கு ஒண்டுமில்ல. நாளைக்கு விடிய சுபஹோட கராஜுக்குப் போறன். பொத்துவில் பஸ்ஸுட இஞ்சின் கழட்டின மாதிரிக் கிடக்கு."

"என்ன அப்போதிக்கரி?" என்றாள் சரீபா.

ஸம்ஸியா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

ஹப்ஸாவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. இப்போது வாயை மூடிக்கொண்டால் அவர் பேர் நிலைக்கும், வேலை நிலைக்கும், மஜீட்டின் கல்யாணமும் நடக்கும். விடிந்ததும் அவர் அந்த நீலத்துக்குள் போவார். அவள் கொடுத்த பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் போவார். வாயைத் திறந்தால் சரீபா கேட்பாள், ஊர் கேட்கும்.

கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சண்டை நடக்கல்ல," என்றாள்.

"என்ன புள்ள?"

"நடக்கல்ல. நான் மதினியிட்டப் பொய் சொன்ன. கிணத்தடியில ஆரும் நிக்கல்ல. கூரைக்கு ஓடு எண்டு ஒரு சொல் நான் ஒங்களிட்டக் கேட்டதும் இல்ல. முந்தநாள் நீங்க வந்தீங்க, தொழுதீங்க, சாப்பிட்டுப் படுத்தீங்க. நேற்று வெள்ளன சிரிச்சிட்டுத்தான் வெளிக்கிட்டீங்க. என்னோட ஒரு கோபமும் இல்ல ஒங்களுக்கு."

சரீபா தம்பியின் பக்கம் திரும்பினாள்.

பதியுதீன் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. ராத்தாவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு ஹப்ஸாவின் பக்கம் குனிந்து, மற்ற இருவருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் ஏன் அங்க போன, ஹப்ஸா?"